கழற்றிய சாமானைத் திருப்பிக் கொடுங்கள்: ஆர்.எக்ஸ்.100 புதுப்பிக்கும் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

யமஹா ஆர்.எக்ஸ்.100 வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் பட்டறை உரிமையாளர்களுக்கும் தலைமை மெக்கானிக்குகளுக்கும்,

துரு ஏறியிருந்தாலும் சாமான் எல்லாம் கம்பெனி சாமானாகவே இருக்கும் வண்டி ஒன்று உங்களிடம் வருகிறது. சில மாதம் கழித்து மயில் நீலத்தில் மின்னிக்கொண்டு வெளியே போகிறது. இடைப்பட்ட நாட்களில் அதன் ஜப்பான் கம்பெனியான மிகுனியின் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் சாமான்) போய், அதைப் பார்த்து வார்த்த டூப்ளிகேட் ஏறியிருக்கிறது. தொழிற்சாலையில் அழுத்திச் சேர்த்த கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) போய், எங்கே செய்தது என்றே தெரியாத ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கிறது. சைலென்சர், ரிம், மீட்டர், கைப்பிடி சுவிட்ச், வயரிங் என்று தொடங்கி கவர் ஸ்க்ரூ வரை மாறியிருக்கிறது. பழையது எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் வேஸ்ட் சார், எடைக்குப் போட்டாச்சு" என்ற பதில் தயாராக இருக்கிறது. எடைக்குப் போட்டதாகச் சொன்ன அதே ஜப்பான் கார்புரேட்டர்கள் தனியாக நல்ல விலைக்குக் கைமாறுவதும் எங்களுக்குத் தெரியும்.

இதை எழுதுகிறவர்கள் இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள், ஓட்டுபவர்கள், இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள். உங்கள் பெயிண்டரின் கையில் குறை சொல்ல எதுவும் இல்லை. டிங்கரிங் வேலையிலும் இல்லை. எதை மாற்றியாக வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்று அளந்து பார்க்காமல் ஒட்டுமொத்தமாகக் கழற்றி எறிகிறீர்களே, அந்த முடிவைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

எஸ்கார்ட்ஸ் குழுமம் 1985 நவம்பரில் தொடங்கி 1996 மார்ச்சில் நிறுத்திய டூ-ஸ்ட்ரோக் வண்டி (பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் ரகம்) இது. ஆரம்பத்தில் வந்தவை ஜப்பானிலிருந்து பிரித்த நிலையில் இறங்கி இங்கே பூட்டப்பட்டவை. கடைசியாக வந்த வண்டிக்கே வயது முப்பதைத் தொட்டாயிற்று. கவுண்டரில் போய்ப் பெயர் சொன்னால் கம்பெனி பாக்கெட்டில் பிஸ்டன் கிடைத்த காலம் போய்விட்டது. ஓசூரில் 1984-இல் வெளிவந்த இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ்.100 வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், இன்னும் மோசமான கதை சொல்வார்கள். ஊரில் மிச்சமிருக்கும் ஒரிஜினல் சாமான்களில் பெரும்பங்கு இப்போது ஓடும் வண்டிகளில்தான் இருக்கிறது. அதாவது உங்கள் பட்டறைத் தரையில்.

கார்புரேட்டரை முதலில் எடுத்துக்கொள்வோம். அதிகம் தூக்கி எறியப்படுவதும் அதுதான், தூக்கி எறியத் தேவையே இல்லாததும் அதுதான். ஐடிலிங் நிற்கவில்லை, நடு திராட்டிலில் திணறுகிறது, பெட்ரோல் வழிகிறது என்ற மூன்று புகாருக்கும் நீங்கள் சொல்லும் தீர்வு ஒன்றே: "புதுசு போட்டுடலாம்." மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. பல மாதம் நின்ற வண்டியில் பைலட் ஜெட்டும் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பித்தளைத் துளை), அதிலிருந்து ஸ்லைடுக்கு (திராட்டிலோடு ஏறி இறங்கும் அடைப்பு) பக்கத்தில் வந்து திறக்கும் ஊசிமுனைத் துளையும் பெட்ரோல் பிசினால் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஐடிலிங் வராது. உடலை முழுக்கப் பிரித்து, ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான திரவத்தில் அல்ட்ராசோனிக் தொட்டியில் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, ஒவ்வொரு துளையிலும் காற்றடித்து மறுமுனையில் வருகிறதா என்று பார்த்தால் போதும். இரும்புக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை ஜெட்டின் துளை துளியூண்டு அகன்றாலும் அதன் மேல் குத்தியிருக்கும் எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். வயரில் உள்ள மெல்லிய செம்பு இழை ஒன்று போதும்.

நடு திராட்டிலில் திணறி, பிளக் கறுத்து வந்தால், ஊசியும் அது இறங்கும் நீடில் ஜெட்டும் தேய்ந்திருக்கிறது. பல வருடம் மேலும் கீழும் உரசியதில் ஜெட்டின் வட்டத் துளை நீள்வட்டமாகிவிடும். மாற்ற வேண்டியது அந்த இரண்டு பித்தளைச் சாமான் மட்டும். பெட்ரோல் வழிந்தால் ஃப்ளோட் நீடில், அதன் இருக்கை, கிண்ணத்து கேஸ்கெட். ஸ்லைடைக் கையில் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆடி, உடலிலும் தேய்மானம் தெரிந்தால் மட்டுமே முழுக் கார்புரேட்டரை மாற்றும் பேச்சுக்கு இடம் உண்டு. அப்போதும் அந்தப் பழைய உடல் வண்டிக்காரருக்குச் சொந்தம்.

டூப்ளிகேட்டில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஜெட்டின் மேல் எண் சரியாக இருக்கும், துளை அந்த எண்ணுக்கு இருக்காது. ஸ்லைடு தளர்வாக இருப்பதால் ஓரத்தில் காற்று புகும். ஐடிலிங் ஏறி இறங்கி ஆடும். அதைச் சமாளிக்க ஏர் ஸ்க்ரூவை இறுக்குவீர்கள், பிறகு மெயின் ஜெட்டை மாற்றுவீர்கள், கடைசியில் கலவை எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் வண்டியில் கூடவே ஆயிலும் குறையும், நெடுஞ்சாலையில் முழு திராட்டிலில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். வண்டிக்காரர் வந்து நிற்கும்போது "ரன்னிங்-இன் சரியா பண்ணலை" என்று அவர் தலையிலேயே கட்டுகிறீர்கள். நிஜ மிகுனி ஜெட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட சின்னம் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது. மிகுனியோடு கூட்டுச் சேர்ந்து கார்புரேட்டர் செய்த தொழிற்சாலை மறைமலை நகரில் இருக்கிறது. இந்த வேலையின் நுணுக்கம் தெரிந்த கைகள் நம் மாநிலத்தில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து சிலிண்டர். போர் (உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. பெரிதாக, நான்கு ஓவர்சைஸில் வரும். ஒரு ஸ்லீவுக்கு (சிலிண்டரின் உள் உறை) ஆயுளில் நான்கு வாய்ப்பு என்று இதற்கு அர்த்தம். ஸ்டாண்டர்டு சைஸில், லேசான கீறலோடு வந்த சிலிண்டர் பிளாக்கை நேராக 0.75-க்குக் கடைந்து கொடுத்த வண்டிகளைப் பார்க்கிறோம். ஏன் என்று கேட்டால், "கையில இருந்த பிஸ்டன் அதுதான்." இரண்டு வாய்ப்பை ஒரே மத்தியானத்தில் லேத்தில் தூளாக்கிவிட்டீர்கள்.

போர் கேஜ் வைத்து மேலே, நடுவில், போர்ட்டுகளுக்குக் கீழே என்று மூன்று மட்டத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுதுங்கள். அந்தக் காலத்துச் சிறிய யமஹா டூ-ஸ்ட்ரோக்குகளுக்கு மேலிருந்து கீழ் வரையிலான வித்தியாசம் 0.05 மி.மீ. வரை, வட்டம் கெட்டிருப்பது 0.01 வரை என்பது வழக்கமான எல்லை. அதற்குள் இருந்தால் ஹோனிங் போட்டுப் புது ரிங் மாட்டினால் போதும். தாண்டினால் 0.25 மட்டும். பிஸ்டன் கைக்கு வருவதற்கு முன் பிளாக்கைக் கடையாதீர்கள். பிஸ்டனின் பாவாடைப் பகுதியில், அடி விளிம்பிலிருந்து 10 மி.மீ. மேலே, பிஸ்டனை ராடோடு இணைக்கும் தண்டுக்குக் குறுக்காக மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அந்தப் பிஸ்டனுக்கென்றே கடைய வேண்டும். இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் மூன்று நான்கு பங்கு என்ற கணக்கில் வரும் வேலை இது, கண் மதிப்பு இங்கே செல்லாது. கடைந்த பிறகு போர்ட் விளிம்புகளை மழுக்க மறப்பது இன்னொரு வழக்கமான கோளாறு. கூரான விளிம்பில் ரிங் மாட்டி உடைந்தால் பிஸ்டன், ஹெட் இரண்டும் போகும். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும், ரிங்கின் வாய் பள்ளத்தில் உள்ள ஊசி மேல் உட்கார வேண்டும் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் மாறிப் பூட்டிய இன்ஜின்கள் வருகின்றன, எழுதித்தான் ஆக வேண்டும்.

வேகம் வேண்டும் என்று கேட்கும் பையன்களுக்காக எக்ஸாஸ்ட் போர்ட்டைக் குடைந்து விடுவதும், இதைவிடப் பெரிய மாடலான ஆர்.எக்ஸ்.135-இன் பிளாக் ஏற்றுவதற்காக கிராங்க் கேஸின் (கிராங்கைச் சுற்றியுள்ள கூடு) வாயைக் கடைந்து பெரிதாக்குவதும் வேறு ரகம். 135-இன் போர் 58 மி.மீ. இன்ஜின் எண் குத்தியிருக்கும் கிராங்க் கேஸிலிருந்து ஒருமுறை கடைந்த உலோகம் திரும்ப வராது. கேட்பவருக்கு வயது இருபது. வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

கிராங்க் பற்றி உங்களுக்குள்ளேயே ஒரு மூடநம்பிக்கை ஓடுகிறது, சத்தம் வந்தால் முழு கிராங்கையும் மாற்ற வேண்டும் என்று. தேய்வது கனெக்டிங் ராடு, அதைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு, பேரிங் ஆகியவைதான். இரு பக்கச் சக்கரங்களும் தேய்வதில்லை. ராடின் மேல்முனையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஒரு மி.மீ. அளவு ஆடுவது இயல்பு, 2 மி.மீ. என்றால் ராடு கிட் மாற்ற வேண்டிய நேரம். பிரஸ்ஸில் பிரித்து, நல்ல கம்பெனி கிட் போட்டு, மறுபடி அழுத்தி, டயல் கேஜ் வைத்து இரு முனையிலும் ஓட்டம் (சுழலும்போது ஆடும் அளவு) 0.03 மி.மீ.-க்குள் வரும்வரை செம்புச் சுத்தியலால் தட்டி நேராக்கினால், பழைய சக்கரங்களோடு அந்தக் கிராங்க் இன்னும் பல வருடம் ஓடும். இதைச் செய்யத் தெரிந்த லேத் பட்டறைகள் கோயம்புத்தூரில் மட்டுமல்ல, பல ஊர்களில் இருக்கின்றன. மேக்னெட்டை (கிராங்கின் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) சுத்தியலால் அடித்துக் கழற்றும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதி கிராங்குகள் கோணாது. அதற்குரிய புல்லர் பெரிய செலவில்லை.

வெள்ளைப் புகை வந்தால் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் போய் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சுகிறது. மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் புகை வராது, காற்று புகும், ஆர்.பி.எம். தானாக ஏறும், பிறகு பிஸ்டன் போகும். இரண்டும் ரப்பர் வளையம். இதற்காக இன்ஜின் முழுவதையும் "செட்டாக" மாற்றிக் கொடுத்ததாக ரசீது போட்டவர்கள் உங்களில் இருக்கிறார்கள்.

ரீடு வால்வை (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ்க் கதவு) எடுத்த எடுப்பில் ஃபைபருக்கு மாற்றுவதற்கு முன் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எஃகு இதழின் நுனி இருக்கையிலிருந்து 0.3 மி.மீ.-க்கு மேல் தூக்கி நிற்காமல், விரிசலும் இல்லாமல் இருந்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. மறுபடி பூட்டும்போது இதழின் வெட்டிய மூலையும் தடுப்புத் தகட்டின் வெட்டிய மூலையும் ஒன்றன் மேல் ஒன்று வர வேண்டும். ஸ்க்ரூவுக்கு லாக்டைட் (கழலாமல் பிடிக்கும் பசை) போடுங்கள். கழன்றால் அது நேராகக் கிராங்குக்குள் போகும்.

ஆட்டோலூபை, அதாவது ஆயிலைத் தனி டேங்கிலிருந்து இன்ஜினுக்கு அனுப்பும் பம்பை, ஏன் கழற்றுகிறீர்கள்? பம்ப் நம்பிக்கையில்லை, பெட்ரோலில் கலந்து ஊற்றுவதுதான் பாதுகாப்பு என்கிறீர்கள். பம்ப் கெட்டதால் பிடித்த இன்ஜின் அபூர்வம். ஆயில் டேங்க் காலியானது, குழாயில் காற்று நின்றது, கேபிள் குறி மாறியது ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். திராட்டில் கேபிளோடு பம்ப் கேபிளும் இழுபடுகிறது. திராட்டிலுக்கு ஏற்றபடி ஆயில் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு அது. கலந்து ஊற்றினால் இறக்கத்தில் திராட்டில் மூடி இறங்கும்போதும் ஒரே விகிதம்தான். சிக்னலில் நிற்கும்போது தேவைக்கு மேல் ஆயில் எரிந்து சைலென்சரில் கரி படியும். மறுபடி இணைக்கும்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குழாயில் குமிழி நிற்கும்வரை பம்பின் பிளீடிங் ஸ்க்ரூவைத் திறந்து வையுங்கள், குறைந்தபட்ச ஸ்ட்ரோக்கை ஃபீலர் கேஜால் பார்த்து ஷிம் போட்டுச் சரி செய்யுங்கள், கப்பியில் உள்ள குறியைக் கேபிளால் பொருத்துங்கள், ஐடிலிங்கில் பம்ப் கேபிளை முழுதாக இழுத்துப் பிடித்து வெளியேறும் குழாயையும் நிரப்புங்கள். பயமாக இருந்தால் முதல் டேங்கில் மட்டும் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் கலந்து ஓட்டச் சொல்லுங்கள். கழற்றிய பம்பின் துளையை மூடிவிட்டு அதையும் எடைக்குப் போட வேண்டாம்.

சைலென்சர் விஷயத்தில் வண்டிக்காரர்களும் உங்களோடு கூட்டு. பளபளப்பான புதுக் குழாய் வேண்டும் என்கிறார்கள். ஆனால் இந்த வண்டியின் குணமே அந்தக் குழாயின் உள்ளே இருக்கும் கூம்புகளின் நீளத்திலும் சரிவிலும்தான் இருக்கிறது. வெளி உருவத்தைப் பார்த்துச் செய்த குழாயில் உள்ளே வெறும் தகடும் துளையும். சத்தம் அதிகம், இழுவை குறைவு. கம்பெனிக் குழாயில் கரி அடைத்திருந்தால், பின்னால் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றி பேஃபிளை இழுத்து வெளியே எடுங்கள். குழாயின் வாயை அடைத்து உள்ளே காஸ்டிக் சோடா கரைசல் ஊற்றி ஓர் இரவு வைத்து, மறுநாள் நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். அலுமினியச் சாமான் எதன் மேலும் அது படக் கூடாது. கேஸ் டார்ச்சால் கொளுத்தினால் கரி போகும், கூடவே குரோமும் நீலம் பாரித்துப் போகும்.

குரோமைப் பொறுத்தவரை, சுருக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பாதித் துரு போய்விடும். மிச்சமிருக்கும் புள்ளிகளோடு ரிம்மை வைத்துக்கொள்வது, மலிவு முலாம் போட்டு அடுத்த மழைக்காலத்தில் உரிந்து விழுவதைவிட மேல். மறுமுலாம் போடத்தான் வேண்டும் என்றால் செம்பு, நிக்கல், குரோம் மூன்றும் போடுகிற இடத்தில் கொடுங்கள். துருவைத் தடுப்பது நிக்கல் அடுக்குத்தான், மேலே இருக்கும் குரோம் மைக்ரானில் ஒரு பங்குதான் கனம். பஃபிங் போடும் பையனிடம், குத்தியிருக்கும் எழுத்தின் மேல் சக்கரத்தை வைக்காதே என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்க்ரூ என்றால் உங்களுக்குச் சின்ன விஷயம். கிளட்ச் கவர், மேக்னெட் கவர் ஸ்க்ரூக்களின் தலை சிதைந்துபோய்த்தான் நீங்கள் ஆலன் போல்ட்டுக்கு மாற்றுகிறீர்கள். சிதைந்தது ஏன்? அவை ஜப்பானியத் தரத்துக்கு வெட்டிய ஜே.ஐ.எஸ். தலைகள், ஓரத்தில் சிறு புள்ளி இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் திருப்புளியின் முனை அந்தப் பள்ளத்தின் அடிவரை இறங்காது. அழுத்தித் திருப்பினால் மேலேறி வழுக்கி விளிம்பைத் தின்னும். ஜே.ஐ.எஸ். முனையை வாங்கி, இம்பேக்ட் டிரைவரில் பொருத்தி ஒரு தட்டுத் தட்டினால், இருபது வருடமாக அசையாத ஸ்க்ரூவும் முழுத் தலையோடு வெளியே வரும். அலுமினியத்தில் மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போடுங்கள், பெரிய போல்ட்டுக்குத் துளையிடாதீர்கள். கழற்றிய போல்ட்டுகளைச் சுத்தம் செய்து சிங்க் முலாம் போட்டுத் திருப்பி மாட்டுவதற்கு, புது போல்ட் வாங்குவதைவிட அதிகம் ஆகாது. பவுடர் கோட்டிங் போட்ட சேஸிஸில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகள் மின்னுவதைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும், உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று.

பவுடர் கோட்டிங் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் வண்டிக்காரர் சட்டச் சிக்கலில் மாட்டுகிறார். ஸ்டீயரிங் தலையில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண் ஆழம் குறைந்தது. மணல் அடித்து, மேலே கனமான பூச்சையும் ஏற்றினால் பென்சில் பிரிண்ட் (எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பதிவு) எடுக்க முடியாது. 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அப்போது அந்த எண்ணைக் காட்டியாக வேண்டும். எண் தெரியவில்லை என்று சிலர் ரீபஞ்ச் போட்டு, அதாவது எண்ணை மறுபடி குத்தி, கொடுக்கிறார்கள். அது உதவி இல்லை, குற்றம். கிராங்க் கேஸ் உடைந்ததென்று வேறு கேஸ் போட்டு, பழைய எண்ணை அதில் குத்துவதும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை விவரங்களை மாற்றுவதைத் தடுக்கிறது. இன்ஜின் மாற்ற வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் நிற்கும் 1எல்1 என்ற குறியைப் பார்த்துத்தான் வாங்குபவர் விலை பேசுகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். மணல் அடிக்கும் முன் அந்த இடத்தை இரண்டு சுற்று தடித்த டேப்பால் மூடுங்கள். பேரிங் கப் உட்காரும் வாய், இன்ஜின் மவுண்ட் துளை, எர்த் வயர் பூட்டும் இடம் ஆகியவற்றையும் மூடுங்கள். அங்கே பூச்சு ஏறினால் கப் கோணலாக உட்காரும், எர்த் வராது, பிறகு பிளக்குக்குப் பொறி தரும் நல்ல சி.டி.ஐ. யூனிட்டைக் குற்றம் சொல்லி மாற்றுவீர்கள்.

வயரிங்கையும் அப்படித்தான் மாற்றுகிறீர்கள். யமஹாவின் வழக்கத்தில் கறுப்பு எர்த், சிவப்பு பேட்டரி, பழுப்பு சாவிக்குப் பின் வரும் மின்சாரம். இண்டிகேட்டருக்கு வலப்பக்கம் கரும்பச்சை, இடப்பக்கம் சாக்லேட் நிறம். ஹெட்லைட்டில் மஞ்சள் ஹை பீம், பச்சை லோ பீம். இந்த நிறங்களைப் பார்த்து எந்த ஊர் எலெக்ட்ரீஷியனும் பத்து நிமிடத்தில் கோளாறைப் பிடித்துவிடுவார். நீங்கள் போடும் ஹார்னஸில் எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே கறுப்பு. பழையதில் கெட்டுப்போவது பெரும்பாலும் கனெக்டர்களும் அவற்றின் அருகில் உள்ள இரண்டு அங்குல வயரும்தான். டெர்மினலை மாற்றி, மேலே புது உறை போட்டால் வேலை முடிந்தது.

டேங்க். உள்ளே துரு என்றால் எபாக்ஸி பூசுகிறீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளில் சாதாரணமாகிவிட்ட காலம் இது. தரம் குறைந்த பூச்சு தோல் தோலாக உரிந்து பெட்ரோல் காக்கை அடைக்கிறது. லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து டேங்க் நிறைய ஊற்றி ஒரு நாள் வையுங்கள். பிறகு கொட்டி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, சூடான காற்றடித்து உடனே காயவைத்து, கொஞ்சம் 2டி ஆயிலை உள்ளே சுழற்றி விடுங்கள். ஓட்டை இல்லாத டேங்குக்கு வேறு எதுவும் வேண்டாம். மாறாக, எத்தனால் தாங்காத பழைய ரப்பர்களை, பெட்ரோல் குழாயையும் காக்கின் வாஷரையும் ஃப்ளோட் நீடில் முனையையும், தயங்காமல் புதிதாகப் போடுங்கள். இவற்றை ஒரிஜினல் என்று கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை. டயர், பிரேக் ஷூ, கேபிள், சீல், கேஸ்கெட் எல்லாம் தேய்ந்து தீர்வதற்கென்றே செய்தவை.

மீட்டரை மாற்றி கிலோமீட்டரைச் சுழியத்தில் காட்டிக் கொடுப்பதைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. அது ஏமாற்று வேலை.

போலி பாக்கெட் விவகாரமும் அதே ரகம்தான், ஆனால் அதை வாங்குபவர் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. யமஹாவின் சாமான் எண்ணில் முதல் மூன்று இடம் எந்த மாடலுக்காக முதலில் செய்தது என்பதைச் சொல்லும், நடுவில் உள்ள ஐந்து இலக்கம் என்ன சாமான் என்பதைச் சொல்லும். 11631 என்றால் ஸ்டாண்டர்டு பிஸ்டன், 11635 முதல் ஓவர்சைஸ், 11636 இரண்டாவது. 14101 கார்புரேட்டர். பாக்கெட்டில் 11631 என்று அச்சடித்துவிட்டு உள்ளே 50.50 அளவுப் பிஸ்டன் இருந்தால், அதை அச்சடித்தவருக்குச் சாமானும் தெரியாது, எண்ணும் தெரியாது. அப்படிப்பட்ட பாக்கெட்டை "பழைய ஸ்டாக், கம்பெனி சீல் பிரிக்காதது" என்று விற்கிறீர்கள்.

கவாசாகி நிறுவனம் 1972-இல் வெளிவந்த தன் இசட்1 வண்டிக்கு, பல பத்தாண்டு கழித்து சிலிண்டர் ஹெட்டை மறுபடி வார்த்து விற்றது. நம்மிடம் அப்படி வார்த்துத் தர யாரும் இல்லை. அதனால் கையில் இருப்பதைக் காப்பாற்றுவது கூடுதல் அவசியமாகிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டி விண்டேஜ் என்று பதிவாகலாம். ஆனால் அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. முதல் ஆர்.எக்ஸ்.100 வண்டிகள் 2035 வாக்கில் அந்த வயதை எட்டும். அன்றைக்குச் சோதனைக்கு நிற்கப்போவது நீங்கள் இன்று பூட்டும் சாமான்களோடுதான்.

ஒரிஜினலைச் சீர் செய்ய நேரம் அதிகம் ஆகும், கூலி கட்டுப்படியாகாது என்பது உங்கள் தரப்பு. அது நியாயமான பேச்சு. கார்புரேட்டரைச் சரி செய்ய அரை நாள், புதிது மாட்ட அரை மணி. அப்படியென்றால் அந்த அரை நாள் கூலியை ரசீதில் வெளிப்படையாகக் கேளுங்கள். டூப்ளிகேட் சாமானின் விலைக்குள் அதை ஒளிக்க வேண்டாம். கொடுக்க நாங்கள் தயாராக இருக்கிறோம்.

நாங்கள் கேட்பவை இவை.

வண்டியைப் பிரிக்கும் முன் உரிமையாளரை வைத்துக்கொண்டு சாமான் பட்டியல் எழுதுங்கள். படம் எடுங்கள். எதை வைத்துக்கொள்வது, எதைச் சீர் செய்வது, எதை மாற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்து வாங்குங்கள். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை அதே தாளில் குறியுங்கள்.

கழற்றிய சாமான் எல்லாவற்றையும், உடைந்ததும் தேய்ந்ததும் உட்பட, சாக்கில் கட்டி வண்டியோடு திருப்பிக் கொடுங்கள். அது வேண்டுமா வேண்டாமா என்பதை உரிமையாளர் சொல்லட்டும்.

அளவுத் தாள் ஒன்று கொடுங்கள். அதில் போர் அளவு, பிஸ்டன் அளவு, கிராங்கின் ஓட்டம், போட்ட ஜெட்டின் எண், ஸ்டாண்டர்டிலிருந்து எத்தனையாவது ஓவர்சைஸ் என்பது இருக்க வேண்டும். அளக்கும் கருவி இல்லையென்றால் இருக்கும் லேத்தில் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

ரசீதில் "கம்பெனி", "வேறு தயாரிப்பு", "135 சாமான்", "பழையது சீர் செய்தது" என்று வரிக்கு வரி எழுதுங்கள். எல்லாவற்றையும் "ஃபுல் கிட்" என்ற ஒரே வரியில் அடைக்காதீர்கள்.

சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டின் மேலும் மணலோ பூச்சோ பஃபிங்கோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் பென்சில் பிரிண்ட் எடுத்து உரிமையாளரிடம் கொடுங்கள். ரீபஞ்ச் போடும் ஆட்களை உள்ளே விடாதீர்கள்.

ஏற்கெனவே உங்கள் பட்டறை மூலையில் குவிந்திருக்கும் மிகுனி கார்புரேட்டர்கள், ஆட்டோலூப் பம்புகள், கம்பெனிக் குழாய்கள், கிராங்குகள் ஆகியவற்றைக் காயலான் கடைக்கு அனுப்புவதை இந்த வாரமே நிறுத்துங்கள். எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று நினைவிருப்பவற்றை அந்தந்த உரிமையாளருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். யாருடையது என்று தெரியாதவற்றைப் பட்டியல் போட்டுப் பட்டறை வாசலில் ஒட்டுங்கள். அடையாளம் காட்டுகிறவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஆர்.எக்ஸ்.100 வைத்திருப்பவர்கள் சிலர்